கேட்பதா, எடுப்பதா? கியூபெக் விடுதலைக் கட்சியின் அரை நூற்றாண்டுச் சண்டை



இந்தச் சொற்பொழிவுக்கு ‘விடுதலை இயக்கங்களின் உட்பூசல்’ என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். பொதுவாகப் பேசினால் ஒரு மணி நேரம் ஒன்றுமே சொல்லாமல் பேசிவிடலாம். எனக்கு அந்தத் திறமை உண்டு; முன்வரிசையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சாட்சி. அதனால் ஒரே ஒரு கட்சியை, அந்தக் கட்சிக்குள் ஒரே ஒரு சண்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1968இல் தொடங்கப்பட்ட பார்ட்டி கெபெக்வா கட்சி. சண்டை இதுதான்: தனி நாடு வேண்டுமா என்று மக்களிடம் பொது வாக்கெடுப்பு வைத்துக் கேட்பதா, தேர்தலில் வென்றதையே மக்களின் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா? கேட்பதென்றால் எப்போது, எந்தச் சொற்களில்?

1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் தபாலில் ஒரு வாக்குச்சீட்டு வந்தது. அனுப்பியவர் கட்சித் தலைவரும் மாகாண முதல்வருமான ரெனே லெவெக். பெரும்பான்மைக் குடிமக்களின் சம்மதம் இல்லாமல் தனி நாடு ஆக மாட்டோம் என்பதை ஏற்கிறீர்களா? கனடாவோடு பொருளாதாரக் கூட்டுறவு வைத்துக்கொள்வோம் என்று முன்வருவது நம் திட்டத்தில் தொடர்ந்து இருக்கட்டுமா? எந்த இனத்தில் பிறந்தவராயினும் கியூபெக் மக்கள் அனைவரையும் மதிக்கிறோம் என்பதை உறுதிசெய்கிறீர்களா? இவைதான் அதில் இருந்த கேள்விகளின் சாரம். பதில் அனுப்பியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். அவர் பெயரையும் வாக்கெடுப்பு என்ற சொல்லையும் ஒட்டுப்போட்டு ‘ரெனேரெண்டம்’ என்று பத்திரிகைகள் கேலி செய்தன. மக்களிடம் வாக்கெடுப்பு வைக்கத்தான் வேண்டும் என்பதற்குத் தன் கட்சிக்குள்ளேயே வாக்கெடுப்பு வைக்க வேண்டிவந்த தலைவர் அவர். எப்படி அந்த நிலை வந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1960களில் கியூபெக்கில் நடந்ததை ‘அமைதிப் புரட்சி’ என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் கையிலிருந்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசின் கைக்கு வந்தன. மின்சார நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. அந்த மின்சார வேலையைச் செய்த அமைச்சர்தான் லெவெக். தொலைக்காட்சிச் செய்தியாளராகப் புகழ் பெற்றவர், குள்ளமானவர், விரலிடுக்கில் எப்போதும் சிகரெட். அன்று அவர் லிபரல் கட்சிக்காரர். 1967இல் அங்கிருந்து வெளியேறி மறு ஆண்டு புதுக் கட்சியைக் கட்டினார். அவருக்கு முன்பே தனி நாடு கேட்டுக்கொண்டிருந்த இயக்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் பியேர் பூர்கோ நெருப்பாகப் பேசக்கூடியவர். அவர் தன் இயக்கத்தைக் கலைத்துவிட்டுத் தொண்டர்களை லெவெக்கின் கட்சிக்கு அனுப்பிவைத்தார். லெவெக்குக்குப் பூர்கோவைக் கண்டால் ஆகாது. ஆக, கட்சி பிறந்த அன்றே ஒரு கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். கனடாவோடு கூட்டுறவு வைத்துக்கொண்டு இறையாண்மை பெறலாம் என்றது ஒன்று. விடுதலை என்றால் விடுதலைதான், பின்னொட்டு எதற்கு என்றது மற்றது.

தேர்தல் கணக்கு இவர்களுக்குக் கொடுமையாக அமைந்தது. 1970இல் 23 விழுக்காடு வாக்கு, ஏழு இடம். 1973இல் வாக்கு 30 விழுக்காடாக ஏறியது, இடம் ஆறாகக் குறைந்தது. மக்களுக்குப் பயம். 1970 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பணம் ஏற்றிச் செல்லும் பிரிங்க்ஸ் நிறுவன வண்டிகள் வரிசையாக மொன்றியலை விட்டு ஒண்டாரியோவை நோக்கிப் புறப்பட்ட படம் பத்திரிகையில் வந்தது. பிரிவினைக்காரர்கள் வந்தால் பணம் ஓடிவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய மேடைப்பேச்சு வேண்டியதில்லை. 1973இல் கட்சியின் பொருளாதார நிபுணர் ழாக் பாரிசோ, விடுதலை பெற்ற கியூபெக்கின் முதலாண்டு வரவுசெலவுத் திட்டத்தையே தயாரித்து வெளியிட்டார். பயத்தைப் போக்க எண்களைக் கொடுத்தார். எதிரிகள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டார்கள். பிரசாரம் முழுக்க அந்தக் கணக்குக்கு விளக்கம் சொல்வதிலேயே கழிந்தது.

இந்த இடத்தில்தான் குளோத் மொரேன் வருகிறார். மாகாணத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான பேச்சுகளில் பல முதல்வர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த அதிகாரி. 1972இல் கட்சியில் சேர்ந்தார். அவர் சொன்ன வழி எளிமையானது. ஆட்சிக்கு வருவதையும் விடுதலை பெறுவதையும் பிரித்துவிடுங்கள். எங்களுக்கு ஓட்டுப் போடுவதால் மட்டும் நாடு பிரிந்துவிடாது, அதற்குத் தனியாக வாக்கெடுப்பு வைத்துக் கேட்போம், அப்போது முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். பிரெஞ்சில் ‘எத்தாப்’ என்றால் படி, கட்டம். ஆகவே இதற்கு ‘எத்தாபிஸ்ம்’ என்று பெயர் வந்தது. நாம் படிமுறைவாதம் என்போம். 1974 நவம்பர் மாநாட்டில் கட்சி இதை ஏற்றது.

பாரிசோ எதிர்த்தார். லண்டனில் பொருளாதாரம் படித்தவர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையை மதிப்பவர். அவர் வாதத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்; அவரை வெறும் அவசரக்காரர் என்று தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. நம் முறையில் இறையாண்மை சட்டமன்றத்துக்குத்தான். 1867இல் கனடாக் கூட்டாட்சிக்குள் கியூபெக்கைச் சேர்த்தபோது எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை, சட்டமன்ற உறுப்பினர்கள் கைதூக்கினார்கள், அவ்வளவுதான். உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக இரண்டு கதவா? வாக்கெடுப்பு என்று சொன்ன மறுகணம் எதிராளிக்கு இன்னொரு முறை சண்டை போடும் வாய்ப்பைக் கொடுத்துவிடுகிறோம் என்பது அவர் பக்கம்.

நான் மாணவனாக இதைப் படித்தபோது பாரிசோ பக்கம் இருந்தேன். பிறகு மாறினேன். மாற்றியது 1976 தேர்தலின் ஒரே ஓர் எண். அந்த நவம்பர் 15ஆம் தேதி கட்சி 110இல் 71 இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்தது. வாக்கு விழுக்காடு? 41.4. நூற்றில் 59 பேர் வேறு யாருக்கோ ஓட்டுப் போட்டிருக்கும்போது சட்டமன்றத்தில் கைதூக்கி நாட்டைப் பிரித்திருந்தால் அது நின்றிருக்குமா? மொரேன் சொன்ன வழி கோழைத்தனம் என்றவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாரிசோ தோற்றார் என்றும் இதை முடித்துவிட முடியாது. அவர் பயந்த விஷயம் வேறு திசையிலிருந்து வந்தது.

இந்தச் சொற்பொழிவில் என் தனிக் கருத்து என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். ‘பயப்படாமல் எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள், இது விடுதலைக்கான ஓட்டு அல்ல’ என்று 1974இல் கட்சி கொடுத்த வாக்கை மக்கள் நம்பினார்கள். கட்சியைவிட மக்கள்தான் அந்த வாக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல ஆட்சி ஒரு சீட்டு, தனி நாடு இன்னொரு சீட்டு என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. பிறகு அந்த இரண்டு சீட்டையும் ஒட்டவைக்கக் கட்சி எவ்வளவோ முயன்றது, முடியவில்லை.

நல்ல ஆட்சி என்று சொன்னேன், அது வெறும் பேச்சு அல்ல. வந்த முதலாண்டிலேயே கட்சி நிதிக்குக் கடுமையான சட்டம்: தேர்தலுக்குப் பணம் தர நிறுவனங்களுக்கோ தொழிற்சங்கங்களுக்கோ உரிமை இல்லை, வாக்காளர்கள்தான் தரலாம். வேளாண் நிலத்தைக் காக்க ஒரு சட்டம். வாகன விபத்துக் காப்பீட்டில் சீர்திருத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக 1977இன் 101ஆம் சட்டம், பிரெஞ்சு மொழிச் சாசனம். அதை எழுதிய அமைச்சர் காமி லொரேன் மனநல மருத்துவர். கடைப் பலகை, தொழிற்சாலை, அலுவலகம், குடியேறியவர் பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றிலும் பிரெஞ்சு. லெவெக்குக்கு இந்தச் சட்டம் மனத்துக்கு உவப்பாக இல்லை. தன் மொழியைப் பேசச் சட்டம் போட வேண்டியிருப்பதே ஓர் அவமானம் என்று நினைத்தவர். ஆனால் சட்டம் வேலை செய்தது. வேலை செய்யச் செய்ய, தனி நாடு இல்லாவிட்டால் மொழி அழிந்துவிடும் என்ற அச்சம் தணிந்தது. தனி நாட்டுக்கான முதல் காரணத்தை அந்தக் கட்சியே தன் திறமையால் மெலியவைத்தது. இதில் யாரைக் குறை சொல்வது?

1980இன் கேள்வியைப் பார்த்தால் கட்சியின் உட்பூசல் முழுவதும் அந்தக் காகிதத்தில் தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள், அரைப்புள்ளி போட்டுப் போட்டு ஒரே வாக்கியம். கனடாவோடு சமத்துவ அடிப்படையில் புது உடன்பாடு. சட்டமும் வரியும் வெளியுறவும் கியூபெக்கின் கையில். பொதுவான நாணயத்தோடு கனடாவுடன் பொருளாதாரக் கூட்டுறவு. இதைப் பற்றி நாங்கள் பேச்சு நடத்துவதற்கு அதிகாரம் தருகிறீர்களா? பேசி முடித்தபின் இன்னொரு வாக்கெடுப்பு இல்லாமல் எதுவும் மாறாது. அதாவது ‘ஆம்’ என்றாலும் நாடு பிரியாது. மிதவாதிகளுக்காக ஒரு வரி, தீவிரர்களுக்காக ஒரு வரி, பயந்தவர்களுக்காகக் கடைசியில் ஒரு வரி. பாரிசோவுக்கு இந்தக் கேள்வி கசந்தது. ஆனாலும் நிதியமைச்சராக இருந்து அதற்காகவே ஊர் ஊராகப் பேசினார். மே 20ஆம் தேதி 59.56 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றார்கள். கேள்வியை எவ்வளவு மென்மையாக்கினாலும் பயந்தவர்கள் பயந்தபடியே இருந்தார்கள்.

சரி, தோற்ற கட்சி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் அல்லவா? பதினோரு மாதம் கழித்து 1981 ஏப்ரலில் அதே மக்கள் அதே லெவெக்குக்கு 49 விழுக்காடு வாக்கும் 80 இடங்களும் கொடுத்தார்கள், முன்பைவிட அதிகம். இந்தப் பதவிக்காலத்தில் வாக்கெடுப்பே கிடையாது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அடுத்து நவம்பர் வந்தது. அரசியலமைப்பை லண்டனிலிருந்து கனடாவுக்குக் கொண்டுவரும் பேச்சு தலைநகர் ஒட்டாவாவில் நடந்தபோது, ஓர் இரவில், மற்ற ஒன்பது மாகாணங்களும் பிரதமர் ட்ரூடோவோடு உடன்பட்டன. கியூபெக் குழு ஆற்றுக்கு அப்பால் வேறு விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தது. கியூபெக்காரர்கள் அதை ‘நீண்ட கத்திகளின் இரவு’ என்கிறார்கள். அந்த ஆத்திரத்தோடு டிசம்பரில் கட்சி மாநாடு கூடியது. கூட்டுறவும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், அடுத்த தேர்தலில் பெரும்பான்மை இடம் கிடைத்தால் போதும் என்று பிரதிநிதிகள் தீர்மானம் போட்டார்கள். லெவெக் பதவி விலகுவேன் என்று மிரட்டினார். அதன் பிறகு போனவைதான் நான் முதலில் சொன்ன தபால் சீட்டுகள்.

95 விழுக்காடு கிடைத்தும் சண்டை ஓயவில்லை. 1984இல் ஒட்டாவாவில் பிரையன் மல்ரோனி பிரதமரானார். புதியவரோடு பேசிப் பார்க்கலாம், அது ‘அழகான துணிச்சல்’ என்றார் லெவெக். தனி நாட்டுக் கோரிக்கையை அடுத்த தேர்தலில் ஒதுக்கி வைக்கலாம் என்றார். நவம்பரில் பாரிசோவும் லொரேனும் வேறு சில அமைச்சர்களும் அமைச்சரவையைவிட்டு வெளியேறினார்கள். 1985இல் லெவெக்கும் போனார். அவருக்குப் பின் வந்த பியேர் மார்க் ஜான்சன் இன்னும் மிதமானவர். 1987 இலையுதிர்காலத்தில், கவிஞரும் சட்டமன்ற உறுப்பினருமான ஜெரால் கொதேன், ஜான்சன் போக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அதே நாட்களில், நவம்பர் 1ஆம் தேதி, லெவெக் இறந்தார். பத்து நாளுக்குள் ஜான்சன் விலகினார். மறு ஆண்டு பாரிசோ தலைவரானார். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் தலைமையை மாற்றிவிட்டுப் போனார்கள் என்று அந்த நாட்களைப் பற்றி நினைக்கத் தோன்றுகிறது. கொஞ்சம் கடுமையான உவமைதான்.

மொரேனைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. 1992இல் ரேடியோ கனடா ஒரு செய்தி வெளியிட்டது: படிமுறைவாதத்தின் தந்தை 1970களில் கனடிய மத்தியக் காவல்துறையினரைச் சந்தித்து, பணமும் பெற்றுக்கொண்டிருந்தார். மொரேன் மறுக்கவில்லை, அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் சந்தித்தேன் என்றார். அப்போது தொண்டர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதினெட்டு ஆண்டு நம்மைக் காக்கவைத்த அந்தப் ‘படிகள்’ யார் கட்டியவை? ஒட்டாவாவா? எனக்கு அந்தச் சந்தேகத்தில் நம்பிக்கை இல்லை. 23, 30 என்று வாக்கு வாங்கி ஏழும் ஆறும் இடம் பெற்ற கட்சிக்கு அந்த யோசனையைச் சொல்லப் போலீஸ்காரர் தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆனால் அந்தச் சந்தேகம் எவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது என்பதில்தான் அந்தச் சண்டையின் காயம் தெரிகிறது.

இனி 1995. வாக்கெடுப்பையே விரும்பாதவராக இருந்த பாரிசோ, ஆட்சிக்கு வந்த எட்டிலிருந்து பத்து மாதத்துக்குள் வாக்கெடுப்பு என்று சொல்லி 1994இல் வென்றார். வாக்கு வித்தியாசம் மிகச் சிறியது. இரண்டு கட்சிக்கும் 44 விழுக்காட்டுச் சொச்சம். கேள்வி நேரடியாக இருக்க வேண்டும், தேதி வசந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கருத்துக்கணிப்புகள் 40ஐச் சுற்றியே நின்றன. அவருடைய துணை முதல்வர் பெர்னார் லாந்திரி, கிரிமியப் போரில் அழிந்துபோன குதிரைப்படையின் துணைத் தளபதியாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்று பொதுவெளியில் சொன்னார். துணை முதல்வர் முதல்வரைப் பார்த்துச் சொன்னது இது.

ஒட்டாவா நாடாளுமன்றத்தில் 54 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் லூசியன் பூஷார், கியூபெக் விடுதலையை ஆதரிக்கும் இன்னொரு கட்சியின் தலைவர். சில மாதம் முன்புதான் கொடிய தசைத் தொற்றில் ஒரு காலை இழந்து, ஊன்றுகோலோடு திரும்பியிருந்தார். மக்கள் அவர்மேல் வைத்திருந்த பாசம் பாரிசோவுக்குக் கிடைக்காதது. ஏப்ரல் 7ஆம் தேதி பூஷார் தன் கட்சி மாநாட்டில் ஒரு ‘வளைவு’ வேண்டும் என்றார்: கனடாவோடு பொருளாதார, அரசியல் கூட்டாளித்துவத்தைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பாரிசோவிடம் முன்கூட்டிக் கேட்டு அவர் சொன்னதில்லை. இருபது ஆண்டு எதிர்த்துவந்த அந்தப் பின்னொட்டு மறுபடி வாசலில் வந்து நின்றது. பாரிசோ வளைந்தார். ஜூன் 12இல் அவரும் பூஷாரும் மாரியோ துமோன் என்ற இளம் தலைவரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அக்டோபரில், பிரசாரத்தின் நடுவே, எதிர்காலப் பேச்சுகளின் தலைமைப் பிரதிநிதி பூஷார் என்று அறிவித்து பாரிசோ ஒதுங்கி நின்றார். கணிப்புகள் ஏறின.

அக்டோபர் 31 காலை நம் நேரம் ஒன்பது மணியளவில், கல்லூரி ஆசிரியர் அறையில் நாங்கள் நாலு பேர் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே முந்தைய இரவு. வாக்களித்தவர்கள் 93.52 விழுக்காடு. ‘இல்லை’ 50.58, ‘ஆம்’ 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. செல்லாத வாக்குகள் மட்டும் 86,501! எங்கள் கணித ஆசிரியர் அந்தக் கடைசி எண்ணைப் பிறகு தெரிந்துகொண்டு பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பின்னொட்டு இல்லாவிட்டால் இவ்வளவு நெருங்கியிருக்க முடியாது என்றது ஒரு பக்கம். பின்னொட்டில் கரைத்தும் கிடைக்கவில்லையே, நேராகக் கேட்டிருந்தால் தோல்வியாவது நேர்மையாக இருந்திருக்கும் என்றது மறுபக்கம். ஒரே எண் இரு தரப்புக்கும் சாட்சி சொன்னது. அன்றிரவு மேடையில் பாரிசோ, நாங்கள் தோற்றது பணத்தாலும் இனக்குழு வாக்குகளாலும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் விலகலை அறிவித்தார். அந்தச் சொல் மொன்றியலில் குடியேறிய எல்லாரையும் குத்தியது. அவர்களில் ஈழத்திலிருந்து போன நம்மவர்களும் உண்டு, 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவர்கள் பிள்ளைகளும் உண்டு. 1982இன் தபால் சீட்டில் லெவெக் மூன்றாவது கேள்வியை ஏன் சேர்த்தார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாரிசோவுக்குப் பின் கட்சித் தலைவரும் முதல்வருமான பூஷார், ‘வெல்லும் சூழல்’ அமைந்தால்தான் மூன்றாவது வாக்கெடுப்பு என்றார். சூழல் அமையவில்லை, அல்லது அவர் அமைக்கவில்லை. எந்த அணியிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1998இல் கனடா உச்ச நீதிமன்றம், ஒருதலைப்பட்சமாகப் பிரிய உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் பேச்சு நடத்தும் கடமை உண்டு என்றது. 2000இல் ஒட்டாவா ‘தெளிவுச் சட்டம்’ இயற்றி, எது தெளிவு என்று தீர்மானிக்கும் உரிமையைத் தன் நாடாளுமன்றத்துக்கு எடுத்துக்கொண்டது. 2014 தேர்தலில் புதிதாகக் கட்சிக்கு வந்த ஊடக அதிபர் ஒருவர் முஷ்டியை உயர்த்தி நாடு என்று முழங்கினார்; கட்சி ஆட்சியை இழந்தது. 2018இல் முதல் ஆட்சிக்காலத்தில் வாக்கெடுப்பே இல்லை என்று வாக்களித்து நின்றபோதும் பத்து இடம்தான் மிஞ்சியது. முழங்கினாலும் தோல்வி, முணுமுணுத்தாலும் தோல்வி. 2022இல் மூன்று இடத்துக்குச் சுருங்கிய கட்சியின் இன்றைய தலைவர் பால் சென் பியேர் ப்ளாமோந்தோன், முதல் ஆட்சிக்காலத்திலேயே வாக்கெடுப்பு என்று மறுபடி பாரிசோவின் வழியில் நிற்கிறார்.

ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். 2000 டிசம்பரில், தெளிவுச் சட்டத்துக்குப் பதிலடியாக, பூஷாரின் அரசு கியூபெக் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஒரு நாடு பிறப்பதற்கு ஐம்பது விழுக்காடும் ஒரு வாக்கும் போதும் என்றது அது. கட்சியில் எல்லா அணியும் ஒருமனதாக நின்ற அரிதான விஷயங்களில் அது ஒன்று. ஆனால் 1996 மாநாட்டில் அதே கட்சித் தொண்டர்கள் பூஷாருக்கு அளித்த நம்பிக்கை வாக்கு 76.7 விழுக்காடு. அந்த எண்ணைப் பார்த்து அவர் பதவியே வேண்டாம் என்று போகும் நிலைக்கு வந்தார். சட்டம் நிறைவேறிய மறு மாதம் உண்மையிலேயே விலகலை அறிவித்தார். அடுத்து வந்தவர் லாந்திரி, குதிரைப்படை உவமை சொன்னவர். 2005 ஜூனில் அவருக்கு 76.2 விழுக்காடு கிடைத்தது. இது எனக்குப் போதாது என்று அதே மேடையிலேயே, அதே இரவிலேயே தலைமையைவிட்டு இறங்கிவிட்டார்.